எந்தத் தட்டு எந்தத் துறைக்கு?

பெரகலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் தரவு நிலையமொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் மின்னஞ்சல் எழுதியிருந்தார். "சேர், நாள் முழுக்க நான் செய்கிற வேலை லொஜிக்கல் டிரைவ்களை ஹோஸ்ட் போர்ட்டுகளுக்கு மேப் பண்ணுவது. இதை வீட்டில் அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்குமே, தமிழில் எழுதுங்களேன்" என்பது அவர் வேண்டுகோள். கலைப் பட்டதாரியான எனக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகை அலுவலகங்களில் கணனிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற தைரியத்தில் எழுதத் துணிந்தேன்.

முதலில் சொற்கள். பல கணனிகளுக்குப் பொதுவான சேமிப்புப் பெட்டகமொன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனுள்ளே பத்தோ நூறோ வன்தட்டுகள். அவற்றை ஒன்றாகச் சேர்த்து, பிறகு தேவைக்கேற்பக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறையும் தனியொரு தட்டுப் போலக் காட்டுகிறார்கள். அந்தக் கூறுதான் லொஜிக்கல் டிரைவ். நான் இதைக் 'கற்பிதத் தட்டு' என்று அழைக்கப்போகிறேன். நல்ல சொல் கிடைத்தால் அன்பர்கள் சொல்லலாம். ஹோஸ்ட் என்பது அதைப் பயன்படுத்தும் சேவையகக் கணனி. போர்ட் என்பது அக்கணனியிலிருந்து வெளியே போகும் வழி. துறை என்ற நம் பழைய சொல் இதற்கு அழகாகப் பொருந்துகிறது. எந்தக் கற்பிதத் தட்டு எந்தத் துறையின் கண்ணில் படலாம் என்று தீர்மானித்துப் பதிந்து வைப்பதே மேப்பிங். பதியப்படாத துறைக்கு அந்தத் தட்டு பூட்டியிருப்பதாகக்கூடத் தெரியாது. அப்படியொன்று உலகில் இருப்பதாகவே தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணனியோடு வந்த தட்டுப்பெட்டிதான் உலகின் முதல் வணிக வன்தட்டு. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஏறத்தாழ ஒரு தொன். கொள்ளளவோ வெறும் 50 இலட்சம் எழுத்துகள். அதற்கு ஒரே ஒரு எசமான். எந்தக் கணனியோடு பிறந்ததோ அதற்கே சேவகம். 1986இல் ஸ்கசி என்ற இணைப்பு முறை அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. ஒரு கம்பித் தொடரில் கணனியையும் சேர்த்து எட்டு முகவரிகள். ஒவ்வொரு முகவரிக்குள்ளும் எட்டு உட்பிரிவுகள் வரை. அந்த உட்பிரிவு எண்ணைத்தான் 'லன்' என்றார்கள். இன்றும் பொறியியலாளர் வாயில் அந்தப் பெயர்தான் புழங்குகிறது. 1988இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை, மலிவான பல சிறு தட்டுகளைச் சேர்த்து நம்பகமான ஒரு பெருந்தட்டாக்கலாம் என்று காட்டியது. கற்பிதத் தட்டு என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியது அதற்குப் பிறகுதான்.

பிறகு வந்தது ஃபைபர் சனல். 1988இல் வேலை தொடங்கி 1994இல் தரமாக ஏற்கப்பட்ட இம்முறையில், கண்ணாடி இழை வழியே பல கிலோமீற்றர் தொலைவிலுள்ள பெட்டகத்தோடும் பேச முடிந்தது. நடுவே சுவிட்ச் என்ற சந்தி. ஏட்டளவில் 1 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள். ஒரு தட்டு, ஒரு எசமான் என்றிருந்த உலகம் ஒரே நாளில் சந்தைக்கடை ஆகிவிட்டது.

சந்தி என்றதும் எனக்குப் பெரகலைதான் நினைவுக்கு வருகிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் ஏ-4 பாதை ஹல்துமுல்லையைத் தாண்டி இங்கே ஏறுகிறது. நேரே இறங்கினால் கொஸ்லந்தை, வெல்லவாய. இடப்புறம் திரும்பி ஏறினால் ஏ-16: அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல. சந்தியில் நிற்பவனுக்கு எல்லாப் பாதையும் திறந்துதான் கிடக்கிறது. சேமிப்பு வலையமைப்பின் தொடக்க காலச் சிக்கலும் அதுவே. சுவிட்சில் செருகிய எந்தக் கணனியும் பெட்டகத்திலிருந்த எல்லாத் தட்டுகளையும் கண்டது. கண்டதையெல்லாம் தனதென்று எண்ணியது.

அது ஏன் கேடு என்று விளங்க, அப்புத்தளை புகையிரத நிலையத்துக்குப் போகவேண்டும். 1893இல் இங்கு வந்த புகையிரதப் பாதை மறு ஆண்டு பண்டாரவளையை அடைந்தது. பதுளையை எட்ட 1924 ஆகிவிட்டது. ஒற்றைத் தண்டவாளம். இதல்கஸ்ஹின்னைக்கும் அப்புத்தளைக்கும் இடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். இதை உறுதிசெய்ய மலைநாட்டுப் பாதையில் 'டேப்லட்' முறை கையாளப்பட்டது. வட்டமான உலோக வில்லையொன்றை வளையத்தோடு கூடிய தோற்பையில் இட்டு நிலைய அதிபர் சாரதியிடம் தருவார். அவ்வில்லை கையில் இல்லாமல் அந்தத் துண்டுப் பாதைக்குள் வண்டி நுழையக்கூடாது. இரு நிலையங்களிலுமுள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எடுக்க இயலாது. மேலைநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் இதைப் படம்பிடிக்க முண்டியடிப்பதைக் கண்டிருக்கிறேன். நமக்கோ அது அன்றாடக் காட்சி.

இந்தக் கருவி இரத்தத்தில் பிறந்தது. 1874 செப்டெம்பர் 10ஆம் திகதி இங்கிலாந்தில் நோர்விச் நகருக்கருகே தோர்ப் என்ற இடத்தில், தந்திச் செய்தியொன்றின் குழப்பத்தால் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக இரு வண்டிகள் அனுப்பப்பட்டு மோதின. 25 பேர் மாண்டனர். அதன் பின்னரே எட்வர்ட் டையர் என்பவர் இந்தப் பூட்டுக் கருவியை உருவாக்கி 1878இல் காப்புரிமை பெற்றார். மனிதர்களின் நினைவாற்றலை நம்பாதே, இயந்திரத்தையே மறுக்க வை என்பது அதன் தத்துவம்.

தட்டிலும் நடப்பது அதே மோதல்தான். ஒரு சாதாரணக் கணனி, தட்டில் எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்ற கணக்கைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறது. அதே தட்டை இன்னொரு கணனியும் தனதென்று கருதினால், அது வேறொரு கணக்கை வைத்துக்கொள்ளும். முதலாவது எழுதிய இடத்தை இரண்டாவது காலியென்று எண்ணி அழித்து எழுதும். சத்தமில்லாத விபத்து. பிணம் தெரிய வாரக்கணக்காகும். 1990களின் பிற்பகுதியில் விண்டோஸ் என்.டி. சேவையகங்கள் இதில் பேர்போனவை. கண்ணில் பட்ட தட்டில் எல்லாம் தம் அடையாள முத்திரையைப் பதிக்க முனையும் பழக்கம் அவற்றுக்கு இருந்தது. பக்கத்து யுனிக்ஸ் கணனியின் தட்டாயிற்றே என்ற நாகரிகமெல்லாம் கிடையாது.

ஆகவே இரண்டு தடுப்புகள் வந்தன. ஒன்று சந்தியில்: இந்தத் துறை இந்தப் பெட்டகத்தோடு மட்டும் பேசலாம் என்று சுவிட்சிலேயே வேலி போடுவது. மற்றது பெட்டகத்தின் வாசலில்: வந்து நிற்பவர் யாரென்று பார்த்து, அவருக்குரிய தட்டை மட்டும் காட்டுவது. நம் இளைஞர் செய்யும் வேலை இந்த இரண்டாவது.

வாசலில் நிற்பவரை எப்படி அடையாளம் காண்பது? கணனியைப் பெட்டகத்தோடு பிணைக்கும் அட்டையிலுள்ள ஒவ்வொரு துறைக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் பொறிக்கப்படுகிறது. 64 இருமங்கள், எழுதினால் 16 இலக்கங்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட சரம். 'உலகளாவிய பெயர்' என்பது அதன் ஆடம்பரமான விருது. பெட்டகத்துக்கு உங்கள் சேவையகத்தின் பெயரோ பெருமையோ தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த எண்தான்.

ஐபிஎம் விற்ற ஃபாஸ்ட்-டி வரிசைப் பெட்டகங்களை (2004இல் டிஎஸ்4000 என்று பெயர் மாற்றினார்கள்) எடுத்துக்கொண்டால், முறை இதுதான். முதலில் ஹோஸ்ட் என்று ஒரு பெயரைப் பதிய வேண்டும். அதன்கீழ் அதற்குரிய துறைகளின் எண்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அக்கணனி விண்டோஸா, லினக்ஸா, வேறா என்று குறிக்க வேண்டும். பிறகே கற்பிதத் தட்டை அந்தப் பெயரோடு ஒரு லன் எண்ணிட்டு இணைக்கலாம். ஒரு தட்டை ஒரு ஹோஸ்டுக்கோ, ஒன்றாக இயங்கும் ஹோஸ்டுகளின் குழுவுக்கோ மட்டுமே கொடுக்கலாம். இரண்டு இடத்தில் பந்தி வைக்க அது விடாது. ஆனால் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தனித்தனியாக எண்ணை 0 என்று தொடங்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு முதலாம் நம்பர் லயம் இருப்பதைப் போல. 31 என்ற எண்ணைப் பெட்டகம் தன் நிர்வாகப் பேச்சுக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளும். எவருக்கும் உரித்தாகப் பதியப்படாத கணனிகள் 'டிஃபோல்ட் குரூப்' என்ற பொதுமடத்தில் தங்கும். அந்த மடத்துக்கென்று ஒரு தட்டு இணைக்கப்பட்டிருந்தால், மடத்திலிருக்கும் எவரும் அதைத் தொடலாம். விபத்துகள் பெரும்பாலும் விளைந்தது அங்கேதான்.

உலோகத்தில் பொறித்த எண்ணும், எண்ணைப் பார்த்து வாசலைத் திறப்பதும் மலையகத்துக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவதற்குத் தோட்டத்துரைமார் 'டின் டிக்கெட்' முறையை ஏற்படுத்தினார்கள். சிறிய தகர வில்லை. அதில் தோட்டத்துக்குரிய எண்ணும் ஆளுக்குரிய எண்ணும் இருக்கும். வழியிலே உள்ளவர்களுக்கு அந்த ஆளின் ஊரோ பேரோ தேவையில்லை. வில்லையைப் பார்ப்பார்கள், உரிய தோட்டத்துக்கு அனுப்புவார்கள், செலவை அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் 'பேர் பதிவது' என்றொரு சடங்கு. செக்ரோலில் பேர் பதியப்பட்டால்தான் ஆள். பதியாவிட்டால் பெரட்டுக்களத்தில் நின்றாலும் இல்லாதவரே.

அதற்கு மேலே துண்டு முறை வேறு இருந்தது. கடன் தொகையைக் குறிப்பிட்டு, அதைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு துரை எழுதித் தரும் சீட்டு அது. துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் ஏற்காது. 1921இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. ஒரு தட்டு ஒரே ஹோஸ்டுக்குத்தான் என்ற கட்டுப்பாடு தட்டைக் காப்பாற்றுகிறது; ஓர் ஆள் ஒரே தோட்டத்துக்குத்தான் என்ற கட்டுப்பாடு யாரைக் காப்பாற்றியது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. தட்டுக்கு வலிக்காது.

ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணனியிலுள்ள இணைப்பு அட்டை பழுதாகிப் புதியதைப் பொருத்தினால், துறையின் எண் மாறிவிடுகிறது. கணனி அதேதான், உள்ளிருக்கும் தரவும் அதேதான். ஆனால் புதிய எண்ணைப் பதியும்வரை பெட்டகம் அதை அந்நியனாகவே நடத்தும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டங்களில் செய்ததும் ஏறத்தாழ இதுதான். ஆட்கள் அதே லயத்தில், அதே கொழுந்துக் கூடையோடு நின்றார்கள். அரசின் ஏடு மட்டும் அவர்களை அறியமாட்டேன் என்றது. 1964 ஒக்ரோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிற்பாடு என்று பிரித்தது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறும்வரை எண் கிடைக்காதோர் இருந்துகொண்டே இருந்தார்கள். தோட்டத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமையும் இதன் தொடர்ச்சிதான். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது யார் கைக்குப் போகும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் கிடைத்த கதைகள் மலையகத்தில் ஏராளம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 2000களின் நடுப்பகுதியில் நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் (பெயர் வேண்டாம்) புகைப்படங்களுக்கென்று பொதுப் பெட்டகம் வாங்கினார்கள். அதில் ஒரு கற்பிதத் தட்டு, பக்க வடிவமைப்புச் சேவையகத்துக்கு. ஆனால் நிறுவ வந்தவர்கள் துறை எண்களைத் தனியாகப் பதியும் சிரமத்தைத் தவிர்த்து, தட்டைப் பொதுமடத்துக்கே இணைத்துவிட்டுப் போனார்கள். ஒரு சேவையகம் மட்டும் இருந்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒன்றரை ஆண்டு கழித்துக் கணக்குப் பிரிவுக்கு ஒரு புதிய சேவையகம் வந்தது. அதுவும் சுவிட்சில் செருகப்பட்டது. அது எழுந்து பார்த்தது. எதிரே ஒரு பெரிய தட்டு. தனக்குப் புரியாத வடிவத்தில் இருந்தது. காலித் தட்டு போலும், தயார் செய்யட்டுமா என்று கேட்டது. சனிக்கிழமை இரவு. திரையின் முன் இருந்தவர் ஆம் என்று அழுத்தினார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். கேட்கப்படவே கூடாத கேள்வி அது.

நாடாவில் பிரதி எடுக்கும் வழக்கம் இருந்தது. ஆனால் முடிந்த பக்கங்களுக்கு மட்டும். மூலப் படங்கள் போய்விட்டன. ஊவா தோட்டங்களில் நாலைந்து ஆண்டுகளாக நாங்கள் எடுத்த படங்கள் அவை. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வயது முதிர்ந்த கங்காணி ஒருவர், தன் தகப்பனின் தகர வில்லையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டிய படமும் அதில் ஒன்று. எண்கள் துல்லியமாகத் தெரிந்தன. பக்கத்தில் இடமில்லையென்று அச்சில் அது வரவில்லை. பிற்பாடு நான் விசாரித்தபோது பெரியவர் இறந்துவிட்டிருந்தார். வில்லையைப் பற்றி வீட்டில் எவருக்கும் நினைவில்லை.

இது தனியொரு பத்திரிகையின் கதை. நாட்டின் கதை இன்னும் பெரிது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலையில், பெரகலையிலிருந்து வெல்லவாய போகும் வழியிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அப்பகுதி ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அன்று செய்தி மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியும்: மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற எளிய கேள்விக்குப் பதில் நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், குறைத்தார்கள், மீண்டும் திருத்தினார்கள். எந்த வீட்டில் அன்று யார் இருந்தார் என்று உடனே எடுத்துக்காட்டக்கூடிய ஏடு எவர் கையிலும் இருக்கவில்லை.

ஏடுகளைக் கணனிக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணினோம். 2021இல், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச முகிற்கணனியிலிருந்து அழிந்துபோன விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஓகஸ்டில் அதே அரச முகிற்கணனியைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் மீளாமற் போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகத்தினுடையதும் உட்பட. அந்தக் காலப்பகுதிக்கு இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதி எதுவும் இல்லை என்பதுதான் வெளிவந்த விளக்கம். இணைப்பிலிருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. அதாவது பிரதி இருந்த இடமும், மூலம் இருந்த இடமும், கள்ளன் நுழைந்த வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்படி இருந்தன. மேப்பிங் என்பது எதைக் காட்டுவது என்ற வேலை மட்டுமல்ல. எதை எவருக்கும் காட்டாமல் வைப்பது என்ற வேலையும் அதுவே. மருந்து, ஓய்வூதியம், காணி என்று மக்களின் காரியங்கள் எல்லாம் இன்று இத்தகைய பெட்டகங்களுக்குள்தான் கிடக்கின்றன.

தொழினுட்பம் இதற்குள் பலமுறை சட்டை மாற்றிவிட்டது. 2004இல் ஐஸ்கசி தரமானபோது, கண்ணாடி இழைக்குப் பதிலாகச் சாதாரண வலையமைப்புக் கம்பியிலேயே இது சாத்தியமாயிற்று. நீண்ட எண்ணுக்குப் பதில் எழுத்துகளாலான பெயர் வந்தது. ஐபிஎம்மின் பெயரில் விற்ற அந்தப் பெட்டகங்களை உண்மையில் வடிவமைத்த எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் பிரிவை 2011இல் நெட்ஆப் வாங்கிக்கொண்டது. சுழலும் தட்டுகள் இல்லாத புதிய பெட்டகங்களில் லன் என்ற சொல்லும் மறைந்து, 'நேம்ஸ்பேஸ்' வந்திருக்கிறது. பதிவேடு மட்டும் மாறவில்லை: இடப்பக்கத்தில் பெட்டகத்திலுள்ளது, வலப்பக்கத்தில் அதைக் காண உரிமையுள்ளவரின் எண்.

மின்னஞ்சல் எழுதிய இளைஞரிடம் நான் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றே: உங்கள் பதிவேட்டில் இப்போது இல்லாத கணனிகளின் பெயர்கள் எத்தனை? அவர் சிரிப்புக்குறி போட்டுப் பதில் எழுதினார். நிறைய இருக்கின்றனவாம். என்றோ கழற்றி ஏலத்தில் விற்ற சேவையகங்களின் துறை எண்கள் அப்படியே கிடக்கின்றன. சிலவற்றோடு தட்டுகளும் இன்னும் இணைந்திருக்கின்றன. நீக்க எவரும் துணிவதில்லை. எது எதோடு பிணைந்திருக்கிறது என்று அறிந்தவர் எப்போதோ கனடாவுக்குப் போய்விட்டார்.